நெல் வயற் பாசியும் அதன் வாழிடமும்

பாசி என்ற அளவில் நம்மனோர்க்கு முதற்கண் நினைவுக்கு வருவது வழுக்கி விழும் படித்துறையே. குளத்து நீரைக் கெடுப்பது, கிணற்றுச் சுவரிற் படர்வது, வயலில் இளநாற்றை மூடி அமுக்குவது என அதன்மேற் சாட்டப்படும் குற்றங்கள் பல. ஆயினும், செயற்கை உரம் என்பதை அறியாத பழங்காலத்தில், நீர் தேங்கும் வயல்களில் ஆண்டுதோறும் நெல்லையே விளைத்தும் அவ்வயல்கள் அடியோடு வளங்குன்றிப் போகவில்லை. புன்செய் நிலமோ ஓய்வின்றிப் பயிரிட்டால் விரைவில் மெலிந்து விடுகின்றது. நன்செய்யின் இந்நீடித்த வளத்துக்குரிய காரணங்களுள் முதன்மையான ஒன்று பாசியினத்துள் ஒரு கூட்டம் என்பது சென்ற நூற்றாண்டின் ஆராய்ச்சியால் தெளிந்த உண்மை. அக்கூட்டத்தை நீலப்பச்சைப் பாசி என வழங்குவர்.

அதன் தொழில் யாது, அத்தொழில் எத்தகைய இடத்தில் நடைபெறும், எவ்விடத்தில் நின்றுபோகும் என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம். இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. பாசியுரம் என்ற பெயரால் வரும் பொட்டலத்தைப் பெற்று வயலிலே தூவும் உழவர், ஒரு போகத்தில் அதன் பயனைக் கண்டு மறு போகத்திற் காணாராயின், 'இது வெறும் மண்' என்று கைவிட்டு விடுகின்றனர். பாசி வாழ்தற்குரிய நிலைமைகளை நோக்காது வித்தை மட்டும் நம்பியதே அவ்விடத்து நேர்ந்த குறை. விதை ஒன்றே விளைவு தாராது என்பதை நெல்லைப் பற்றி நன்கறிந்த நாம், பாசியைப் பற்றியும் அவ்வாறே அறிதல் வேண்டும்.

காற்றில் நிறைந்த உணவு

நாம் உயிர்க்கும் காற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் வாயு உள்ளது. பயிரின் தழைக்கும் தானியத்துக்கும் இன்றியமையாத பொருளும் அதுவே. எனினும், காற்றில் மூழ்கி நிற்கும் பயிர் அதனை நேரே உட்கொள்ள மாட்டாது. கடல் நடுவே நிற்பவன் குடிநீருக்குத் தவிப்பது போன்றது அதன் நிலை. காரணம் யாதெனின், காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாய் மூன்று பிணைப்புகளால் இறுகப் பிணிக்கப்பட்டுள்ளன. அப்பிணிப்பை அவிழ்த்து அமோனியாவாக மாற்றினாலன்றிப் பயிருக்குப் பயனில்லை.

மனிதன் இத்தொழிலைப் பேரளவிற் செய்யத் தொடங்கியது 1913-ஆம் ஆண்டில், ஜெர்மனி நாட்டு ஓப்பாவு என்னுமிடத்தில் நிறுவிய தொழிற்சாலையிலாகும். அதற்கு ஏறத்தாழ 400 முதல் 500 டிகிரி வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல் 200 மடங்கு அளவான அழுத்தமும் வேண்டியிருந்தன. நீலப்பச்சைப் பாசியோ இதே தொழிலை வயல் நீரின் இயல்பான வெப்பத்தில், ஞாயிற்றின் ஒளியையே முதலாகக் கொண்டு, ஓசையின்றிச் செய்துவருகின்றது.

ஆராய்ச்சி வரலாறு

இப்பாசிகள் காற்றின் நைட்ரஜனைக் கவரக்கூடும் என்னும் கருத்தை 1889-இல் ஜெர்மானியப் பேராசிரியர் பிராங்க் வெளியிட்டார். பிற நுண்ணுயிர்கள் கலவாத தூய பாசியை வளர்த்து அதனை மெய்ப்பித்தவர் டிரூஸ், ஆண்டு 1928. இதற்கிடையே, இலங்கைத் தீவின் பாசிகளை ஆராய்ந்த ஆங்கில அறிஞர் பிரிட்ஷ், 1907-இல் வெளியிட்ட கட்டுரைகளில், வெப்ப நாடுகளில் நீலப்பச்சைப் பாசிகள் பெற்றுள்ள மேலோங்கிய நிலையை எடுத்துக்காட்டினார்.

நெல் வயலைப் பற்றிய வினாவுக்கு நேரான விடை கண்டவர் வங்காளத்தைச் சேர்ந்த பி. கே. டே என்பவர். நீர் தேங்கிய நெல் வயல் மண் ஒளியிலே பாசி படர வைக்கப்பட்டபொழுது நைட்ரஜன் பெருகியதையும், இருளிலே வைக்கப்பட்டபொழுது அவ்வாறு பெருகாமையையும் கண்டு, வயலின் வளத்தைக் காப்பதிற் பெரும்பங்கு நீலப்பச்சைப் பாசிக்கே உரியது என 1939-இல் நிறுவினார். பின்னர்க் காசி இந்து பல்கலைக்கழகத்து ஆர். என். சிங், ஜப்பானிய அறிஞர் வாட்டனபே, தில்லியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்துப் பணியாற்றிய ஜி. எஸ். வெங்கட்ராமன் முதலியோர் இவ்வாராய்ச்சியை வளர்த்தனர். சென்னைப் பல்கலைக்கழகத்து டி. வி. தேசிகாச்சாரி 1959-இல் வெளியிட்ட 'சையனோபைட்டா' என்னும் பெருநூல் இப்பாசிகளை இனங்காண்பார்க்கு இன்றளவும் துணையாய் நிற்கின்றது.

பஞ்சும் நெருப்பும்

பெயரளவிற் பாசியெனினும் இது உண்மையில் பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. இதன் உயிரணுவில் தனியே அமைந்த உட்கரு இல்லை. ஆயினும் பச்சையம் பெற்றுச் செடிகளைப் போலவே ஒளிச்சேர்க்கை செய்து பிராணவாயுவை வெளிவிடுகின்றது. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் உலகின் காற்றிற் பிராணவாயு மிகத் தொடங்கியது இதன் முன்னோர் செய்த வேலையே.

இங்கே ஒரு முரண்பாடு எழுகின்றது. நைட்ரஜனைப் பிரிக்கும் கருவி நைட்ரஜினேஸ் என்னும் நொதி. பிராணவாயு பட்டமாத்திரத்தில் அந்நொதி கெட்டுப்போகும். ஒளிச்சேர்க்கையோ பிராணவாயுவை இடையறாது ஈனுகின்றது. பஞ்சையும் நெருப்பையும் ஒரே அறையில் வைத்துக் காப்பது எங்ஙனம்?

அனபீனா, நாஸ்டாக் முதலிய இழைப்பாசிகள் இதற்குக் கண்ட வழி வியக்கத்தக்கது. மணிகோத்த மாலைபோன்ற அவ்விழையில், நைட்ரஜன் உணவு கிடையாதபொழுது, பத்து முதல் இருபது உயிரணுக்களுக்கு ஒன்றாகச் சில உயிரணுக்கள் வடிவு மாறுகின்றன. அவற்றின் சுவர் தடிக்கின்றது; பிராணவாயுவை ஈனும் உறுப்பு ஒடுங்குகின்றது. ஹெட்டரோசிஸ்ட் எனப்படும் இவற்றை ஈண்டுத் 'தனியறை' என வழங்குவாம். தனியறைக்கு வேண்டும் சர்க்கரையை அண்டை உயிரணுக்கள் அளிக்கின்றன. தனியறை தான் கவர்ந்த நைட்ரஜனை அவற்றுக்குப் பகிர்ந்தளிக்கின்றது. நைட்ரஜன் கவரும் இடம் இத்தனியறையே எனப் பே, ஸ்டூவர்ட், வால்ஸ்பி, பாக் என்னும் நால்வரும் 1968-இல் வலியுறுத்தினர். தனியறை இல்லாத ஓருயிரணுப் பாசிகளிற் சில, பகலில் ஒளிச்சேர்க்கையையும் இரவில் நைட்ரஜன் தொழிலையும் செய்து, இடத்தாற் பிரிக்கவியலாததைக் காலத்தாற் பிரித்துக் கொள்கின்றன.

மாணவர்கள் மறவாது கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. நைட்ரஜன் கவர்தல் பெருஞ்செலவு பிடிக்கும் தொழில். ஒரு நைட்ரஜன் மூலக்கூற்றைப் பிரிப்பதற்கு, உயிரணுவின் நாணயம் எனத்தகும் ஏ.டி.பி. மூலக்கூறுகள் குறைந்தது 16 செலவாகின்றன. ஆதலின், அமோனியா சுற்றிலும் எளிதிற் கிடைக்குமாயின், பாசி தனியறைகளை அமைப்பதில்லை, நொதியையும் ஆக்குவதில்லை. தேவையுள்ள இடத்திலேயே அது தொழில் செய்யும். இவ்வொரு விதியை உளங்கொண்டால் பின்வருவனவெல்லாம் எளிதில் விளங்கும்.

ஒளியும் வெப்பமும்

ஒளி இன்றேல் ஆற்றல் இல்லை. ஆற்றல் இன்றேல் நைட்ரஜன் தொழில் இல்லை. ஆயினும் ஒளி மிகுதல் நன்று என்று கருதற்க. நீலப்பச்சைப் பாசிகள் பலவும் மங்கிய ஒளியில் வாழ வல்லவை. பச்சையம் நன்கு பயன்படுத்தாத நிறக்கதிர்களையும் தம் நீல, செந்நிறப் பொருள்களாற் பற்றிக் கொள்வன. கோடை நண்பகலின் கடுவெயில் அவற்றுக்குத் துன்பம் விளைப்பதாகும்.

நெல் வயலில் இதனைக் கண்கூடாகக் காணலாம். நாற்று நட்ட தொடக்கத்தில் நீர்ப்பரப்பு முழுதும் வெயிலுக்குத் திறந்திருக்கும். மண்ணிலும் உரத்திலுமிருந்து நைட்ரஜன் நீரிற் கலந்திருக்கும். அப்பொழுது பெரும்பாலும் மிகுவன பச்சைப் பாசிகளும் டயாட்டங்களுமே. பயிர் தூர்கட்டி நிழல் பரப்ப, நீரிலுள்ள நைட்ரஜனும் குறைய, நீலப்பச்சைப் பாசிகள் தலையெடுக்கின்றன. ஆகவே பயிர் தானே தன் துணைவனுக்குக் குடைபிடிக்கின்றது எனலாம். மழை மூட்டமுள்ள பருவத்திலோ, அடர்ந்த பயிரின் கீழ் நிழல் மிஞ்சிப் பாசி மெலிதலும் உண்டு. அளவான ஒளியே வேண்டப்படுவது.

வெப்பத்தைப் பொறுத்தவரை, வயலிலுள்ள இனங்கள் பலவற்றுக்கும் 30 முதல் 35 டிகிரி வரை ஏற்றது. நம் நாட்டு நன்செய்களில் இக்குறை பெரும்பாலும் நேர்வதில்லை. ஆனால் இனந்தோறும் எல்லை வேறுபடும். மாஸ்டிகோகிளாடஸ் என்னும் இனம் வெந்நீர் ஊற்றுகளில் வாழ்கின்றது. நாஸ்டாக் இனத்தின் ஒரு வகை அண்டார்க்டிகாவின் உலர்ந்த பள்ளத்தாக்குகளில், கோடையிற் சிலகாலமே ஓடும் பனியுருகு நீரோடைகளிற் படர்கின்றது. ஒரு நாட்டில் நற்பயன் தந்த பாசி மற்றொரு நாட்டிலும் அவ்வாறே தரும் என எண்ணுதல் எத்துணைப் பிழையென்பது இதனாற் பெறப்படும்.

மண்ணின் தன்மையும் நீரும்

நீலப்பச்சைப் பாசி பொதுவாக நடுநிலை மண்ணையும் சற்றுக் காரமான மண்ணையும் விரும்பும். அமில மண்ணில் மெலியும். பி.எச். எண் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே இறங்க இறங்கப் பச்சைப் பாசிகள் மேலோங்குதல் பெரும்பாலும் கண்ட முறை. அமில நிலத்திற் சுண்ணாம்பிட்டால் நீலப்பச்சைப் பாசிக்கு இடம் உண்டாகும். இவ்விதிக்கும் விலக்கு உண்டு. கேரளத்தின் அமிலம் மிக்க நெல் வயல்களிலும் ஆலோசைரா, கலோத்ரிக்ஸ் என்னும் இனங்கள் வாழ்தலை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். வெளியூர்ப் பாசியினும் உள்ளூர்ப் பாசி அவ்வூர் மண்ணுக்குப் பழகியது என்பதற்கு இது சான்று.

கார நிலத்துக்கு எடுத்துக்காட்டாக வடநாட்டின் ஊசர் நிலங்களைக் கூறலாம். உத்தரப்பிரதேசத்தில் வெண்ணிற உப்புப் பூத்துப் புல்லும் முளையாது கிடந்த அந்நிலங்களில், மழைக்காலத்தில் நாஸ்டாக் முதலிய பாசிகள் தடித்த ஆடைபோற் படர்தலை ஆர். என். சிங் கண்டார். வரப்பெடுத்து மழைநீரைத் தேக்கிப் பாசியை வளரவிட்டால், மண்ணின் காரம் குறைந்து, மக்கும் நைட்ரஜனும் பெருகி, நெற்பயிருக்கு இடமுண்டாதலை 1950-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். ஆயினும், அத்தகைய நிலத்தின் கேட்டுக்கு வேராயுள்ள சோடியத்தை அகற்ற ஜிப்சமும் நல்ல வடிகாலும் வேண்டும் என்பது மண்ணியல் வல்லுநர் முடிபு. பாசி அவ்வேலைக்குத் துணையேயன்றி அதற்கு ஈடாகாது.

நீர் இப்பாசிக்கு இல்லம். ஆயினும் வறட்சியைப் பொறுக்கும் ஆற்றலும் இதற்கு உண்டு. சில இனங்கள் தடித்த தோலையுடைய உறங்கும் வித்துக்களை ஆக்கி மண்ணில் வைத்துவிடும். நாஸ்டாக் உடம்பு முழுதும் உலர்ந்து கருஞ்சருகு போலாகியும் பல்லாண்டு கழித்து நீர் பட்டதும் மீண்டும் உயிர்க்கும். கோடையில் வெடித்துக் கிடக்கும் வயலிற் புதுநீர் பாய்ந்த சின்னாட்களிற் பாசி தோன்றுவதன் மருமம் இதுவே. காய்ந்த பாசியை மண்ணோடு பொட்டலங்கட்டி உரமாக வழங்குதல் இயல்வதும் இவ்வாற்றலினாலேயே.

பாசிக்கு வேண்டும் உணவு

காற்றிலிருந்து நைட்ரஜனையும் கரியமிலவாயுவையும் பெறும் பாசி, ஏனைய உணவுக்கு மண்ணையும் நீரையுமே நம்பியுள்ளது. அவற்றுள் தலையாயது பாஸ்வரம். பாஸ்வரம் குறைந்த வயலிற் பாசி வித்தை எத்துணைத் தூவினும் பயன் சிறிதே; சூப்பர் பாஸ்பேட் இட்ட வயலில், தூவாத பாசியும் தானே படர்தல் காணலாம். நைட்ரஜினேஸ் நொதியின் உடலில் இரும்பும் மாலிப்டினமும் அமைந்துள்ளமையின், இவ்விரு உலோகங்களும் சிறிதளவேனும் வேண்டும்.

பாஸ்வரத்தின் ஆற்றலை அறிதற்கு வயலினின்று சிறிது விலகி ஓர் ஏரியை நோக்குவாம். கனடா நாட்டு ஒண்டாரியோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்கென ஒதுக்கிய ஏரிகளுள் 227-ஆம் எண்ணுள்ள சிற்றேரியில், 1969 முதல் பாஸ்வரத்தையும் நைட்ரஜனையும் அளந்து இட்டு வந்தனர். 1975-இல் நைட்ரஜன் அளவைக் குறைத்தனர். 1990-இல் அதனை முற்றிலும் நிறுத்திப் பாஸ்வரத்தை மட்டும் இட்டனர். நைட்ரஜன் குறைந்த நிலையில், அதனைக் காற்றிலிருந்து பெறவல்ல நீலப்பச்சைப் பாசிகள் அவ்வேரியில் முன்வந்து நின்றன. வயலில் நாம் வேண்டி அழைக்கும் விருந்தினர், கழிவுநீர் சேர்ந்த ஏரியில் வேண்டாத கூட்டமாய்ப் பெருகுவதும் இவ்வாற்றானே. அங்கே அவற்றுட் சில இனங்கள் கால்நடைக்கும் மக்கட்கும் தீங்கு பயக்கும் நஞ்சையும் ஈனும். நன்மை தீமை என்னும் இரண்டும் உயிரின் இயல்பொடு இடத்தின் இயல்பும் கூடியே பிறக்கின்றன.

யூரியாவும் பாசியும்

இனி, உழவர் பொருட்செலவைத் தொடும் செய்திக்கு வருவாம். யூரியாவை வயலின் தேங்கு நீரில் வீசித் தெளித்தல் பலவிடத்தும் வழக்கம். அங்ஙனம் தெளித்த நாட்களில் நீரில் அமோனியா மிகும். முன்னர்க் கூறிய விதிப்படி நீலப்பச்சைப் பாசி தன் நைட்ரஜன் தொழிலை நிறுத்திக் கொள்ளும். பச்சைப் பாசிகள் கொழுக்கும். இஃது ஒரு நட்டம்.

மற்றொரு நட்டமும் உண்டு. பாசிகள் பகலில் நீரிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சிவிடுதலால் நீரின் காரத்தன்மை ஏறுகின்றது; நண்பகலில் பி.எச். எண் 9-க்கு மேலும் உயர்தல் உண்டு. அக்கார நீரில் அமோனியா வாயுவடிவுற்றுக் காற்றிற் பறந்துவிடுகின்றது. காசு கொடுத்து வாங்கிய நைட்ரஜன் பயிரை அடையாமலே வந்த வழி செல்கின்றது. யூரியாவை மண்ணுக்குள் ஆழமாக இடுவோமாயின் இவ்விரு நட்டங்களும் குறையும்: பயிரின் வேர் உரத்தைப் பெறும், மேல்நீரில் அமோனியா மிகாமையாற் பாசியும் தன் தொழிலைத் தொடரும்.

பாசியை மேயும் பகைவர்

புல்லை மேய ஆடு இருப்பதுபோற் பாசியை மேயவும் சிற்றுயிர்கள் உள. ஆஸ்டிரகாட் என்னும் நுண்ணிய ஓட்டுயிர்கள், கொசுவின் புழுக்கள், நத்தைகள் முதலியன பெருகினால் வயற்பாசி சின்னாட்களில் மறையும். குழகுழப்பான பசையாற் சூழப்பட்ட நாஸ்டாக், குளோயோட்ரிக்கியா போன்றவை இவற்றின் வாய்க்கு எளிதில் அகப்படா. மெல்லிழைகளான அனபீனா, டோலிப்பாத்ரிக்ஸ் முதலியன விரைவில் இரையாகும். பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1980-க்குப் பின் நடத்திய சோதனைகளில், வேப்பங்கொட்டையை இட்டு இவ்வுயிர்களை அடக்கியபொழுது பாசி செழித்தது. களைக்கொல்லி மருந்துகளுள் ஒளிச்சேர்க்கையைத் தடுப்பன பாசியையும் தாக்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

வீடு மாறினால் உடலும் மாறும்

வாழிடத்தின் ஆற்றலை இன்னும் தெளிவாகக் காட்டுவது அசோலா என்னும் மிதக்கும் சிறு பெரணி. அதன் இலையிலுள்ள குழிவறையில் நீலப்பச்சைப் பாசி குடியிருக்கின்றது. நீரில் தனித்து வாழும் பாசியிழையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து உயிரணுக்களே தனியறைகளாகும். அசோலாவின் இலையறையிலோ அவ்வளவு 20 முதல் 30 வரை உயர்கின்றது. குன்னெரா என்னும் செடியின் தண்டிற் குடிபுகும் நாஸ்டாக்கில் இன்னும் மிகுகின்றது. உணவை விருந்தளிக்கும் செடி தருதலால், பாசி தன் உடலையே நைட்ரஜன் தொழிற்கு உரியதாக மாற்றிக் கொள்கின்றது. வியட்நாமிலும் சீனத்திலும் உழவர் நெடுங்காலமாக அசோலாவை வயலில் வளர்த்து மண்ணில் மடக்கி எருவாக்கி வந்தமைக்கு அடிப்படை இவ்வுறவே.

நம் கல்லூரித் தோட்டங்களில் அழகுக்காக நட்டுள்ள சைக்கஸ் மரத்தின் அடியிலும் இதனைக் காணலாம். மண்மட்டத்தருகே பவளக்கொடி போற் கிளைத்த வேர்த்துண்டு ஒன்றைக் குறுக்கே அரிந்து நோக்கின், நடுவே நீலப்பச்சை வளையம் ஒன்று தோன்றும். அவ்வளையம் பாசியின் குடியிருப்பு.

எவ்வளவு நைட்ரஜன்?

பல நாட்டு அளவீடுகளையும் தொகுத்து, ரோஜர் என்பாரும் இலங்கை அறிஞர் குலசூரியாவும் 1980-இல் 'நீலப்பச்சைப் பாசியும் நெல்லும்' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டனர். அதன்படி ஒரு போகத்தில் ஒரு ஹெக்டேருக்குப் பாசி சேர்க்கும் நைட்ரஜன், மிகச் சிறிய அளவு முதல் 80 கிலோகிராம் வரை வேறுபடுகின்றது. சராசரி 30 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு டன் நெல் விளையப் பயிர் கவரும் நைட்ரஜன் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோகிராம் ஆதலின், சராசரியளவும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் சராசரியைக் காட்டிலும் நாம் கருதவேண்டுவது அதன் பெரு வேறுபாடே. ஒளி, அமிலம், பாஸ்வரம், மேய்ச்சலுயிர் என்னும் இத்தனையும் கூடியும் குறைந்தும் வருதலே அவ்வேறுபாட்டுக்குக் காரணம். பாசி சேர்த்த நைட்ரஜனிற் பெரும்பகுதி, அது மடிந்து மக்கிய பின்னரே பயிர்க்கு எட்டும் என்பதையும் அறிக. போகத்துக்குப் போகம் சேமிப்புப் போல அது மண்ணில் வளரும். இன்று இட்டு நாளை இலை கறுக்கக் காணும் உரமன்று.

பாசியுரத்தை நட்ட ஏழு முதல் பத்து நாட்களில் ஹெக்டேருக்கு 10 கிலோகிராம் தூவுமாறு கூறுவர். ஆனால் பெரும்பாலான நன்செய்களில் உள்ளூர்ப் பாசியின் வித்துக்கள் முன்னரே உள. தூவிய பாசி அவற்றோடு போட்டியிட்டு நிலைத்தல் உறுதியன்று. ஆதலின், முதலில் தன் வயலின் நிலைமையைச் சீர்செய்து, உள்ள பாசிக்கு வாழ்வளித்தலே உழவர்க்கு மலிவான வழி. பாசி குறைந்த புது நிலத்தில் வித்துத் தூவுதல் பொருத்தமாம்.

இனமறியாது அழித்தலும் கூடாது. இளநாற்றை மூடும் பாசியை ஒழிக்க மடைவாயில் மயில்துத்தம் கட்டிய சாக்கை வைக்கும் வழக்கம் உண்டு. செம்புச்சத்து நீலப்பச்சைப் பாசிக்குச் சிற்றளவிலும் கொடிய நஞ்சு. படர்ந்தது பட்டுநூல்போல் நீண்ட பச்சைப் பாசியா, கருநீலம் படிந்த குழகுழப்பான பாசியா என நோக்கியபின் அம்மருந்தைக் கைக்கொள்வதே அறிவுடைமை. நிறம் சிலபொழுது ஏமாற்றும். உருப்பெருக்கியில் தனியறையைக் காண்பதே நம்பத்தக்க சான்று.

மாணவர்க்கு ஒரு சோதனை

கூறியவற்றை மாணவர் தம் கண்ணாற் கண்டு தெளிய, எளிய சோதனை ஒன்றைக் குறிப்பாம். கோடையில் உலர்ந்த நெல் வயலின் மேல்மண்ணைக் கொணர்ந்து, ஐந்து கண்ணாடிச் சாடிகளில் இருவிரல் உயரம் இட்டு, அதன்மேல் நான்கு விரல் உயரம் நீர் விடுக. முதற் சாடியில் வேறொன்றும் இடற்க. ஏனை நான்கிலும் ஒரு சிட்டிகை சூப்பர் பாஸ்பேட் இடுக. மூன்றாவதிற் கூடுதலாக ஒரு சிட்டிகை அமோனியம் சல்பேட் சேர்க்க. நான்காவதைக் கருங்காகிதத்தாற் சுற்றி மூடுக. ஐந்தாவதன்மேல் மெல்லிய வெண்துணியால் நிழல் செய்க. கொசு முட்டையிடாதவாறு எல்லாச் சாடிகளின் வாயையும் வலைத்துணியாற் கட்டி, வெளிச்சமுள்ள சன்னலருகே ஒரு திங்கள் வைக்க.

வாரந்தோறும் ஒவ்வொரு சாடியினின்றும் ஒரு துளி எடுத்து உருப்பெருக்கியில் நோக்கி, நூறு உயிரணுக்களுக்கு எத்தனை தனியறைகள் உள்ளன என எண்ணிக் குறித்து வருக. பாஸ்வரம் மட்டும் பெற்ற சாடிக்கும், அமோனியமும் சேரப்பெற்ற சாடிக்கும் உள்ள வேற்றுமையை முதற்கண் நோக்குக. நிழலுள்ளதையும் இருண்டதையும் பின்னர் ஒப்பிடுக. விடுமுறையில் தத்தம் ஊருக்குச் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர் வயல் மண்ணிற் கைப்பிடியளவு கொண்டுவரின், பல ஊர் மண்ணையும் ஒருங்கே வைத்து ஆராயும் வாய்ப்பு வேறு எவ்விடத்தினும் கல்லூரியில் எளிதிற் கிட்டும்.

முடிவுரை

கண்ணுக்குப் புலனாகாத உயிரொன்று, மனிதன் பேருலை மூட்டிச் செய்யும் தொழிலைச் சேற்றுநீரிற் செய்கின்றது. படைத்தவன் அதற்கு அவ்வாற்றலை அளித்தான். அவ்வாற்றல் வெளிப்படும் இடத்தை அமைப்பதும் கெடுப்பதும் பெரும்பாலும் நம் கையில் உள. அளவான ஒளி, அமிலம் மிகாத மண், வேண்டிய பாஸ்வரம், நீரில் மிகாத அமோனியா, அடங்கிய மேய்ச்சலுயிர்கள் ஆகிய இவ்வைந்தும் அமைந்த வயலில் பாசி அழையாமலே வந்து உழைக்கும். இவை அமையாத வயலில் எத்தனை பொட்டலம் தூவினும் உழைக்காது. நம் கல்லூரியில் தாவர நூல் பயின்று ஊர் திரும்பும் ஒவ்வொரு மாணவரும், தம் ஊர் உழவரோடு வரப்பில் நின்று இவ்வைந்தையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பாராயின், அவர் பெற்ற கல்வி அவ்வூருக்கும் பயன்பட்டதாகும்.